கமலாத்தாள் காட்டுக் கடலையும் எங்கள் மௌன தினமும்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. ஆர்டர் கொடுத்து எழுதச் சொன்னது. பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், எருத்தேன்பதிக்குப் பக்கத்தில், கேரளம் என்றாலும் கொங்குத் தமிழ் பேசுகிற ஊரில், பிராணவனம் என்று ஒரு வெல்னஸ் ரிட்ரீட் இருக்கிறது. நான் அதில் வாலண்டியர். அதாவது அவர்கள் சோறும் கட்டிலும் தருவார்கள், நான் உழைப்பைத் தருவேன், இரண்டு தரப்பும் அதற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

போன வாரம் மேனேஜர் பூபதிராஜா என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மௌன தினத்தன்று நடந்ததை வைத்து வெப்சைட்டுக்கு ஒரு கதை வேண்டுமாம். "நீங்க ரைட்டருங்களாமா மேடம். ஊர்க்காரங்களும் நாமளும் ஒண்ணுமண்ணா இருக்கற மாதிரி எழுதிக் குடுங்க. முடிவு மட்டும் சந்தோசமா இருக்கோணும்" என்றார்.

சரி என்றேன். ஒண்ணுமண்ணாக இருப்பது வரைக்கும் எழுதிவிட்டேன். முடிவில்தான் வண்டி நின்றுவிட்டது. ஆகவே வெப்சைட்டுக்குப் போக வேண்டியது உங்களிடம் வந்திருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், மூடுபனி மெல்ல விலகும் அதிகாலையில்..."

அடித்துவிட்டேன். மூடுபனி வெப்சைட்டில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் படங்கள் இடுக்கியில் எடுத்தவை. ஏலக்காய்த் தோட்டம், அருவி, அருவிக்கு முன்னால் கண்ணை மூடிய ஒரு வெள்ளைக்காரப் பெண். இதைப் பார்த்துக் காசு கட்டியவர்கள் கோயமுத்தூரில் விமானம் இறங்கி, காரில் வரும் வழியெல்லாம் ஜன்னலில் அருவியைத் தேடுகிறார்கள். தென்னந்தோப்பு வருகிறது, பனைமரம் வருகிறது, கணவாய்க் காற்றில் புழுதி வருகிறது, கடைசியில் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரி வருகிறது. அருவி எங்கே என்று கேட்பவர்களிடம் பூபதிராஜா நெஞ்சைத் தொட்டு, "உள்ளே" என்பார். இதுவரை யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்டதில்லை.

இரண்டாம் தொடக்கம்: "வேலையை உதறிவிட்டு, என்னைத் தேடி நான் புறப்பட்ட அன்று..."

இதுவும் போகட்டும். நான் எதையும் உதறவில்லை. சென்னையில் ஒரு பாடப்புத்தகக் கம்பெனியில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அதை இனி கம்ப்யூட்டரே செய்யும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சும்மா சோறு போடுகிற இடம் எது என்று தேடினேன், பிராணவனம் வந்தது.

மூன்றாம் தொடக்கம்: "கமலாத்தாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்."

இது நிற்கும். ஆனால் அவளுக்கு முன்னால், அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லியாக வேண்டும்.

3

விடியும் முன் சங்கு ஊதுவார்கள். எழுந்து யோகா ஹாலைத் துடைக்க வேண்டும். பிறகு பப்பாளி வெட்ட வேண்டும். பப்பாளியை நன்றியுணர்வோடு வெட்ட வேண்டும் என்பது இங்கே விதி. வேகமாக வெட்டினால் நன்றி போதவில்லை என்று அர்த்தம் என்பதால், நாங்கள் நன்றி செலுத்தி முடிக்கும் வரை விருந்தினர்கள் காலித் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் லாரி வராத நாளில் அட்டவணையில் 'உலர் குளியல்' என்று போட்டுவிடுவார்கள். சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மனதில் உள்ளதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இடுப்பு வலிக்கிறது என்று ஒருநாள் பகிர்ந்துகொண்டேன். இடுப்பில் பழைய கோபம் தங்கியிருக்கிறது என்றார்கள்.

[அடிக்குறிப்பு: கோபம் பழையதல்ல. அன்று காலையில்தான் வந்தது.]

கேலி செய்துகொண்டே பழகிப்போனேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சங்குக்கு முன்னாலேயே விழிப்பு வர ஆரம்பித்தது. பப்பாளிக்கு நான் மனசாரவே நன்றி சொல்ல ஆரம்பித்தேன். நகரத்தில் என்னை யாரும் எதற்கும் எதிர்பார்க்கவில்லை. இங்கே துடைப்பத்தோடு ஒருத்தி வராவிட்டால் ஹால் தூசியாகக் கிடக்கும். அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. இங்கிருந்து என்னைப் போகச் சொல்லிவிடக் கூடாது என்று பயப்படவும் தொடங்கியிருந்தேன்.

(இந்தப் பத்தியை நீக்கச் சொல்வீர்களானால், நீக்க மாட்டேன். பின்னால் நடப்பதற்கு இது வேண்டும்.)

4

எங்களுக்கு ஒரு மூலிகைத் தோட்டம் ஒதுக்கியிருந்தார்கள். போலந்திலிருந்து வந்த மார்த்தா, பூனாவில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்த ஒருவர், நான். மார்த்தா நல்ல பெண். களை என்று நினைத்துக் கீழாநெல்லியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மூலிகை என்று நினைத்துப் பார்த்தீனியத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பூனாக்காரர் மண்வெட்டியைத் தொடும் முன் அதைக் கும்பிடுவார். கும்பிட்ட பிறகு அவருக்கும் மண்வெட்டிக்கும் பெரிதாக ஒன்றும் தொடர்பிருக்காது.

இதைத்தான் கமலாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய மானாவாரிக் காடு. இந்தப் பக்கத்தில் காடு என்றால் மழையை நம்பி வெள்ளாமை செய்யும் நிலம். அதில் நிலக்கடலை போட்டிருந்தாள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அடுத்த வீட்டு விஷயம் எதையும் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராத ரகம். முதல் நாளே என் புருஷன், பிள்ளை, ஜாதி, சம்பளம் எல்லாவற்றையும் விசாரித்தாள். நான் முதல் இரண்டுக்கும் இல்லை என்றேன், மூன்றாவதுக்குச் சிரித்தேன், நாலாவதுக்கும் இல்லை என்றேன்.

"கூலி இல்லாம எதுக்குங்க அம்மிணி இந்த வெய்யில்ல கொத்தறீங்க?"

மார்த்தா என்ன என்று கேட்டாள். மொழிபெயர்த்தேன். அவள் முகம் மலர்ந்து, இங்கே பணம் கிடையாது, ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறோம், அது நமக்கே திரும்பி வரும் என்றாள். பிராணவனத்தின் சுவரில் எழுதியிருப்பதும் அதுதான். அதை நான் கமலாத்தாளுக்குச் சொன்னேன்.

"அப்புடிச் சொல்லுங்க. மாத்தாளு" என்றாள் கமலாத்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எங்களுக்குத்தான் புரியவில்லை.

மாத்தாள் என்பது இங்கே பழைய ஏற்பாடு. இன்று என் காட்டுக்கு உன் வீட்டு ஆள் வந்தால், உன் காட்டுக்கு வேலை வரும் அன்று என் வீட்டு ஆள் வந்து நிற்கும். மறுநாள் காலையில் கமலாத்தாள், மருமகள் வினோ, உறவுக்காரப் பெண்கள் சிலரோடு களைக்கொத்தும் கையுமாக வந்தாள். நாங்கள் மாதக்கணக்கில் கும்பிட்டுக்கொண்டிருந்த தோட்டத்தை மதியத்துக்குள் சுத்தமாக்கிவிட்டுப் போனார்கள். பூபதிராஜா படம் எடுத்து, 'உள்ளூர் மக்களின் சேவை' என்று போட்டார்.

போகும்போது அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள், கடலை பறிக்கும் நாளில் எங்களைக் கூப்பிட ஆள் அனுப்புவதாக. நாங்கள் எல்லோரும் கைகூப்பித் தலையாட்டினோம். பூபதிராஜாவும் ஆட்டினார். அவர் பக்கத்து வடகரப்பதியில் தோட்டம் துரவு உள்ள குடும்பம். மாத்தாள் என்றால் என்ன என்று எங்களில் யாருக்காவது பிறப்பிலேயே தெரிந்திருந்தது என்றால் அது அவருக்குத்தான்.

(பூபதிராஜா இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, கடைசி மூன்று வரி வேண்டாமே மேடம் என்றார். இருக்கட்டும்.)

5

இங்கே ஒரு சந்தேகம். இந்தக் கதைக்கு நான் சரியான ஆள்தானா?

கதை என்றால் சரியான நேரத்தில் சரியானதைச் செய்யும் ஒருவர் வேண்டும். அதற்காக யோகப்பிரியா என்று ஒரு வாலண்டியரை உண்டாக்கினேன். முப்பது வயது, தெளிவான கண்கள், வாடகை பாக்கி கிடையாது. கடலை பறிக்கும் நாள் வந்ததும் அவள் யாரையும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வேலியைத் தாண்டி...

தாண்டினாள். எழுதியும் பார்த்தேன். அழகாகத் தாண்டினாள். படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் அவள் அந்த ஹாலில் இல்லை. அவளுக்கு வைத்திருந்த பாயில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். யோகப்பிரியாவை அனுப்பிவிட்டேன். நல்ல பெண், வேறு கதையில் பிழைத்துக்கொள்வாள்.

கமலாத்தாளைப் பற்றியும் பூபதிராஜாவுக்குச் சந்தேகம். இவ்வளவு பேசுகிற கிராமத்துப் பெண்ணை விருந்தினர்களுக்குப் பிடிக்காதாம். கொஞ்சம் அமைதியாக, கண்ணில் ஞானத்தோடு ஆக்கிவிட முடியுமா என்று கேட்டார். அவளிடம் ஞானம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கடலை இருந்தது.

6

ஐப்பசி பிறந்து ஒரு மழை பெய்தது. கடலைக்காரர்கள் காத்திருப்பது இதற்குத்தான். அதுவரை கல்லாக இருக்கும் மண் இளகும், கொடியைப் பிடித்து இழுத்தால் காயோடு வரும். ஆனால் அடுத்த மழை பிடித்துக்கொள்வதற்குள் பிடுங்கியாக வேண்டும். விட்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைவிடும், இல்லையென்றால் அழுகும்.

அன்று சாயங்காலம் வினோ எங்கள் கேட்டுக்கு வந்தாள். நாளைக்குக் காலையில் பறிப்பு, எல்லோரும் வந்துவிடச் சொல்லி அத்தை அனுப்பினார்கள் என்றாள். வேறு ஆளே கிடைக்கவில்லையாம். பாதிப் பேர் கஞ்சிக்கோட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள், மீதிப் பேர் தொழிலுறப்பு என்னும் நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். உங்களை நம்பித்தான் இருக்கிறோம் என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னாள்:

"இந்த வருசம் கடலை ஊடு வந்து சேரலீனா காட்டைக் குடுத்தர்றதுன்னு மாமா சொல்லிப்போட்டாருங்க. அத்தைதான் ஒத்தக்கால்ல நின்னு வெதைச்சாங்க."

மாமா என்பது கமலாத்தாளின் புருஷன் காளிச்சாமி. காட்டை யாருக்கு விற்பது என்று நான் கேட்கவில்லை. அந்த நிலத்தில் ஒரு தியானக் குளம் வெட்டுகிற வரைபடம் பூபதிராஜாவின் ஆபீஸ் சுவரில் ஆறு மாதமாக ஒட்டியிருந்தது.

நேராக அவரிடம் போனேன். அவர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நாளைக்கு மௌன தினம். மும்பையிலிருந்து ஒரு குழு அதற்காகவே வந்திருக்கிறது. வாலண்டியர்கள் உட்காராவிட்டால் ஹால் பாதி காலியாகத் தெரியும். வெள்ளைத் துணி, உபவாசம், சூரியன் மறையும் வரை ஒரு வார்த்தை கிடையாது. "நாளன்னைக்குப் போலாமுங்க மேடம். மழை எங்க ஓடிப்போகுது" என்றார்.

மழை ஓடிப்போகாது என்பதுதான் பிரச்சினை என்று நான் சொல்லியிருக்கலாம். வினோவிடம் போய், நாங்கள் வரவில்லை, வேறு ஏற்பாடு பாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் மௌனத்துக்கான வெள்ளைத் துணி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் வரிசையில் போய் நின்றேன்.

7

மௌன தினத்தை நான் பார்த்தபடி முதலில் சொல்கிறேன்.

ஹால் மூன்று பக்கமும் திறந்தது. வெள்ளை உடுத்தி, பாயில், தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம். காலையிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. முன்னால் எங்கள் நிறுவனரின் பெரிய படம், அதற்குச் சந்தன மாலை, கீழே அணையாத விளக்கு. நிறுவனர் கோவாவில் நலமாக இருக்கிறார். மும்பைக் குழுவில் ஒரு அம்மாள் கொஞ்ச நேரத்தில் அழத் தொடங்கினாள். மௌனத்தில் இப்படி அடைத்திருந்தது திறந்துகொள்ளும், தொந்தரவு செய்யாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அவளைப் பார்த்து மார்த்தாவும் அழுதாள்.

வெயில் ஏறும் நேரத்தில் கமலாத்தாள் வேலியருகே வந்தாள். சத்தம் போட்டுக் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்து, ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள். எங்கள் மௌனத்தை மதித்துவிட்டாள் என்று நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது நீங்கள் எழுந்து, வேலிக்கு அந்தப் பக்கம் போய், அவள் நின்ற இடத்தில் நின்று அதே ஹாலைப் பாருங்கள்.

மாத்தாளுக்குச் சொன்ன ஆள் வரவில்லை. இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு காரணம்தான் உண்டு: அந்த வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும். காய்ச்சலில் கிடப்பவன்கூட பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பிவிடுவான். அவள் என்ன ஆச்சு என்று பார்க்க வந்தாள். எல்லோரும் வெள்ளை உடுத்தித் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் யாரிடமும் பேசவில்லை. அடுப்பு புகையவில்லை. இரண்டு பெண்கள் அழுகிறார்கள். நடுவில் மாலை போட்ட படம், விளக்கு.

அவள் இடத்தில் வேறு யார் வந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது. மும்பையிலிருந்து வந்திருந்தால் பாயை எடுத்து விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

8

நடுப்பகலில் அவள் மறுபடி வந்தாள். இந்தமுறை கேட் வழியாக. வினோ பின்னால், உறவுக்காரப் பெண்கள் அதற்குப் பின்னால். கமலாத்தாள் கையில் ஒரு பெரிய போசிப் பாத்திரம். அரிசிம்பருப்புச் சாதம். நெய் வாசனை ஹாலில் பரவியதும் உபவாசத்தில் இருந்த பூனாக்காரரின் தலை தானாக நிமிர்ந்தது.

கழுவியும் போகாமல் அவர்கள் கையிலும் காலிலும் செம்மண் ஒட்டியிருந்தது. பறித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். கிழக்கே மேகம் திரண்டு கறுத்துக்கொண்டு வந்தது.

கமலாத்தாள் போசியை இறக்கி வைத்தாள். நேராக மும்பை அம்மாளிடம் போய், பக்கத்தில் உட்கார்ந்து, தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதாள். துக்கம் கேட்கிற முறை அது. அந்த அம்மாள் ஒரு கணம் விறைத்தாள். பிறகு முகத்தைக் கமலாத்தாளின் தோளில் புதைத்துக்கொண்டு, அதுவரை அழாத அழுகையை அழுதாள். (மறுவாரம் அவள் பிராணவனத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து, கிராமத்துப் பெண்கள் நடத்தும் அழுகைச் சிகிச்சையை வாழ்நாளில் மறக்க மாட்டேன் என்று எழுதினாள். அதை வாராவாரம் வைக்கலாமா என்று பூபதிராஜா யோசித்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கதை ஆர்டர் வந்ததும் அதனால்தான்.)

பிறகு கமலாத்தாள் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அந்த ஹாலில் அவள் பாஷை தெரிந்தவர்கள் இரண்டே பேர். பூபதிராஜா படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பேசாதே என்று எனக்குக் கண்ணால் சொன்னார்.

"வெடிஞ்சு ஒருத்தரையும் காணமேன்னு உங்களை வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டனுங்க அம்மிணி. மனசுல வெச்சுக்காதீங்க. பக்கத்துல துக்கம் இருக்கறப்ப நாம மண்ணுல கை வெக்கறது ஆகாதுங்க, கொடியை அப்புடியே போட்டுட்டு வந்துட்டோம். பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்திருப்பீங்க, ஒரு வாய் சாப்புடுங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"போனது யாருங்க?"

9

முடிவுகள்.

பூபதிராஜாவின் முடிவு: வாலண்டியர்கள் மௌனத்தைக் கலைத்து எழுகிறார்கள். வெள்ளை உடையோடு காட்டுக்கு ஓடுகிறார்கள். மழைக்கு முன் கடைசிக் கொடியும் வந்துவிடுகிறது. வானவில். இதற்குப் படம்கூடத் தயார். கொழிஞ்சாம்பாறையில் கடலைக்கொடி வாங்கி, மார்த்தாவின் கையில் கொடுத்து எடுத்தார். நன்றாகவே வந்திருக்கிறது.

என்னுடைய முதல் முடிவு: நான் வாயைத் திறக்கிறேன். "யாரும் போகலைங்க. நாங்க சும்மாதான் உட்கார்ந்திருக்கோம்" என்கிறேன். இதுவரை எழுதிவிட்டேன். அடுத்த வரியில் அவள் முகத்தை எழுத வேண்டும். அவள் முகம்... அவள் முகத்தில்... முடியவில்லை. அன்றைக்கே எனக்குப் பெட்டி கட்டச் சொல்லியிருப்பார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முடிவு: மாலை போட்ட படத்தைக் கையால் காட்டுகிறேன். ஆள் கொல்வது என் தொழில்தான், எத்தனையோ கதையில் செய்திருக்கிறேன். நிறுவனர் கோவாவில் இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே சாகிறார். கமலாத்தாள் "சின்ன வயசுங்க" என்று அழுதுவிட்டு, மாத்தாள் பொய்க்கவில்லை என்ற ஆறுதலோடு வீட்டுக்குப் போகிறாள். காடு போய்விடும். நம்பிக்கை மிஞ்சும். இது இரக்கமான முடிவு போலத் தெரிகிறது, அதனால்தான் எனக்கு இதன்மேல் சந்தேகம். எங்களுக்கு இதைவிட வசதியான முடிவு இல்லை.

10

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும். சொன்னால் நீங்கள் என்னை நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ தீர்மானித்துவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவீர்கள். அந்த வசதியை நான் உங்களுக்குத் தரப்போவதில்லை. இத்தனை பக்கம் நீங்களும் எங்களோடு பாயில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது, இன்னும் துளி விழவில்லை. கடலை முக்கால்வாசி மண்ணில் இருக்கிறது. இந்த நிமிடம் எழுந்து எல்லோரும் ஓடினால் பாதியையாவது எடுக்கலாம். ஆனால் ஓட வேண்டுமென்றால் முதலில் அவளுக்கு உண்மை தெரிய வேண்டும். சோறு சூடாக இருக்கிறது. கமலாத்தாள் கையில் மண்ணோடு, பதிலுக்காகக் காத்து நிற்கிறாள்.

எனக்கு மௌனம். உங்களுக்கு இல்லை. யார் செத்தது என்று அவளுக்குச் சொல்லுங்கள்.